மாண்டரின் மீனின் சாப்பாடு

மேற்கு பசிபிக்கில், ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை, பவளத்திட்டுகளின் இடுக்குகளில் மாண்டரின் என்றொரு சிறு மீன் வாழ்கிறது. ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பின்மேல் ஆரஞ்சு வரிகள் வளைந்து வளைந்து ஓடும். விலங்குலகில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் நிறமியால் வருவதல்ல. மயில் கழுத்தின் நீலம்கூட இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாகும் தோற்றமே. மாண்டரினின் தோலிலோ உண்மையான நீல நிறமியைக் கொண்ட செல்கள் இருக்கின்றன. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் இத்தகைய செல்கள் மிக மிக அரிது.

இந்த அழகே அதற்கு வினையாக வந்து சேர்ந்தது. கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கடையில் பார்த்தால் வாங்காமல் வருவது கடினம். தொட்டிக்கு வந்த மாண்டரின் பாறைமேல் தத்தித் தத்தி நகர்ந்து எதையோ கொத்திக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறது என்று நிம்மதி அடைவார்கள். சில வாரங்களில் கொத்துவது குறையும். வயிறு உள்வாங்கும். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றும். பிறகு ஒருநாள் செத்துக் கிடக்கும். அந்தத் தொட்டியில் உலர்தீனிக்கும் உறைந்த இறால் துண்டுக்கும் பஞ்சமே இருந்திருக்காது. அது எதையும் தொட்டிருக்காது, அவ்வளவுதான். நோய் எதுவும் இல்லை. பட்டினி.

இயற்கையில் பிடிபட்ட மாண்டரின்களின் குடலை ஆராய்ந்தவர்கள் அதில் பாறையோடு ஒட்டி ஊரும் கோபிபாடுகள், ஆம்பிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுயிர்கள், குட்டி நத்தைகள், புழுக்கள், மீன் முட்டைகள் ஆகியவற்றைக் கண்டார்கள். சின்னஞ்சிறு வாய். ஒரு வாய்க்கு ஓர் இரை. பகல் முழுவதும் ஓயாமல் கொத்தினால்தான் உடம்பு தாங்கும். ஆகவே மாண்டரினை வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் வளர்க்க வேண்டியது மாண்டரினை அல்ல. ஏற்கெனவே நன்கு வேரூன்றிய ஒரு தொட்டியிலிருந்து இந்த நுண்ணிய ஓட்டுயிர்களைப் பிடித்துத் தம் தொட்டிக்குக் கொண்டுவந்து, அவற்றைப் பெருகவிட வேண்டும். கேட்பதற்குச் சிறிய வேலையாகத் தெரியும். அதைச் சரியாகச் செய்ய, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஒரு விலங்கின் வாழ்க்கையை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கோபிபாடுகள் இறால், நண்டு ஆகியவற்றோடு கிரஸ்டேசியா என்ற ஓட்டுயிர்ப் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளம். இதுவரை 13,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. கடலில் திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து மீன்குஞ்சின் வயிறு வரை நிறைப்பவை இவை. நெற்றி நடுவே ஒற்றைக் கண், முன்னால் இரண்டு நீண்ட உணர்கொம்புகள், பின்னால் மெலிந்து முடியும் உடல். பல இனங்களில் பெண் உயிரி முட்டைகளைப் பையாகக் கட்டி வாலருகே சுமந்து திரிவதைச் சாதாரணப் பூதக்கண்ணாடியிலேயே பார்க்கலாம். முட்டையிலிருந்து வருவது நாப்ளியஸ் என்னும் இளம் உயிரி. அது தாயைப்போலவே இருக்காது. தோலுரித்துத் தோலுரித்து ஆறு நாப்ளியஸ் பருவங்களைக் கடக்கும். அதன்பின் கோபிபோடிட் என்ற ஆறு பருவங்கள். ஆறாவதுதான் முழு வளர்ச்சி. ஒரே நீரில் இத்தனை பருவங்களும் கலந்திருப்பதால், முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சு தொடங்கி வளர்ந்த மீன் வரை ஒவ்வொரு வாய்க்கும் ஏற்ற அளவில் இரை கிடைக்கிறது.

நன்னீரிலும் இவற்றுக்கு உறவுகள் உண்டு. நம் ஊர்களில் மூத்த தலைமுறைக்கு நரம்புச்சிலந்தி நோய் நினைவிருக்கும். காலில் கொப்புளம் வெடித்து, முழ நீளத்துக்கும் மேலான புழு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் நோய். படிக்கிணற்றிலும் குளத்திலும் வாழ்ந்த சைக்ளாப்ஸ் என்ற கோபிபாடுதான் அந்தப் புழுவின் குஞ்சைச் சுமந்தது. அந்த நீரைக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தது அந்நோயை ஒழித்த முக்கியமான வழிகளில் ஒன்று. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை அந்நோயற்றதாக அறிவித்தது. ஒரு துண்டுத் துணியின் இழை இடைவெளி, ஒரு மில்லிமீட்டர் உயிரின் அளவு: இந்த இரண்டுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டதால் கிடைத்த வெற்றி அது. கடல் தொட்டியிலும் நாம் செய்யப்போவது அதே வடிகட்டல். துணியில் தங்குவது இங்கே நமக்கு வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் கிடைக்கும் ஆர்டீமியா முட்டையைப் பொரித்துப் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆர்டீமியாவும் ஓட்டுயிர்தான். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களின் அடர்ந்த உப்புநீரில் வாழ்வதும் அதுவே. அதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உப்புநீரில் போட்டால் ஒரு நாளில் பொரிக்கும். உலகத்தின் மீன்குஞ்சுப் பண்ணைகளெல்லாம் பல பத்தாண்டுகளாக அதை நம்பியே நடக்கின்றன. ஆனால் அதில் இரண்டு குறைகள். பொரித்த குஞ்சே அரை மில்லிமீட்டருக்கு நெருக்கமாக இருக்கும். பல கடல்மீன் குஞ்சுகளின் வாய்க்கு அது பெரிது. அடுத்தது, டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலம் அதில் ஏறக்குறைய இல்லை. கண்ணும் மூளையும் நரம்பும் உருவாக அது கட்டாயம் வேண்டும். பெரும்பாலான கடல்மீன்களால் அதைப் போதிய அளவு தாமாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. இரையிலிருந்துதான் பெற வேண்டும். கோபிபாடுகளிலோ அது இயல்பாகவே நிறைந்திருக்கிறது. அவற்றின் நாப்ளியஸ் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமாகச் சிறுத்திருக்கிறது.

இந்த வேறுபாட்டின் பலன் எவ்வளவு பெரியது என்பதற்கு மஞ்சள் டேங்க் மீன் சாட்சி. ஹவாய்த் தீவுகளின் பாறைகளிலிருந்து லட்சக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்ட மீன் அது. தொட்டியில் முட்டையிடும், குஞ்சு பொரிக்கும், சில நாட்களில் குஞ்சுகள் எல்லாம் செத்துவிடும். ஆண்டுகள் பல உழைத்த பிறகு 2015இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் அறிவியலாளர்கள் முதல்முறையாக அதைச் சிறைச்சூழலில் வளர்த்து ஆளாக்கினார்கள். மறு ஆண்டு, ‘ஃபைண்டிங் டோரி’ படம் வெளிவந்த 2016இல், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் அந்தப் படத்தின் நாயகியான நீல டேங்க் மீனையும் வளர்த்துக் காட்டியது. இரண்டு இடத்திலும் குஞ்சின் முதல் கவளம் பார்வோகலானஸ் என்ற மிகச் சிறிய கோபிபாடின் நாப்ளியஸ். கடலிலிருந்து ஒரு மீனைப் பிடிக்காமல் விட முடிந்ததென்றால், அதன் பின்னால் ஒரு கோபிபாடு வளர்ப்புத் தொட்டி இருந்தது. நம் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இந்த வளர்ப்பில் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன.

சரி, எப்படிப் பிடிப்பது?

எல்லாக் கோபிபாடுகளும் ஒன்றுபோல் வாழ்வதில்லை. கலனாய்டுகள் திறந்த நீரில் மிதந்து நீந்துபவை. வீட்டுத் தொட்டியில் அவற்றின் ஆயுள் குறைவு. நீரேற்றியும் வடிகட்டியும் அவற்றை வாரிக்கொண்டு போய்விடும். ஹார்பாக்டிகாய்டுகள் அப்படியல்ல. பாறை, மணல், பாசி, கண்ணாடிச் சுவர் என ஏதாவது ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு ஊர்பவை. டிஸ்பே, டிக்ரியோபஸ் என்னும் இரண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மாண்டரினுக்கு வேண்டியதும் தொட்டிக்குப் பொருந்துவதும் இவைதான். இரவில், விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் விளக்கைத் தொட்டிக் கண்ணாடியின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டு ஓடும். ஓடினால் அந்தத் தொட்டி கொடுக்கக்கூடிய தொட்டி. ஒன்றும் அசையவில்லையென்றால் அங்கே பிடிக்க முயல வேண்டாம்.

அனுபவமுள்ளவர்கள் பலரும் பெரிய தொட்டியோடு இணைத்து, மீன் நுழைய முடியாத ஒரு தனி அறை வைத்திருப்பார்கள். ரெஃப்யூஜியம் என்பார்கள். அதில் கீட்டோமார்ஃபா என்ற பாசி பச்சை நூலாய்ச் சிக்கிக் கிடக்கும். பாசி நைட்ரேட்டை உறிஞ்சி நீரைச் சுத்தமாக்குகிறது; அதன் இழைகளுக்குள் கோபிபாடும் ஆம்பிபாடும் யார் கண்ணிலும் படாமல் பெருகுகின்றன. அந்தப் பாசியில் ஒரு கைப்பிடி எடுத்து, அதே தொட்டி நீர் உள்ள வாளியில் முக்கி மெதுவாக உலுக்கினால் போதும், நூற்றுக்கணக்கில் உதிரும். பாசி வைத்திருக்காதவர்களிடம் வேறு வழி இருக்கிறது. சலவை செய்யாத, சோப்புப் படாத பிளாஸ்டிக் தேய்ப்பு நார் ஒன்றைப் பாறை இடுக்கில் சில வாரங்கள் செருகி வையுங்கள். அது நிறையக் கோபிபாடுகள் குடியேறும். ஆம்பிபாடு வேண்டுமென்றால், கழுத்து குறுகிய சிறு புட்டியில் ஒரு துணுக்கு மீன்தீனியைப் போட்டு இரவில் மணல்மேல் சாய்த்து வைத்தால் காலைக்குள் நுழைந்திருக்கும். அவை வெளிச்சத்தை வெறுப்பவை; இருட்டில்தான் இரை தேட வரும்.

வாளியில் உதிர்ந்த கூட்டத்தைப் பிரிப்பதற்கு வெளிச்சமே கருவி. அறையை இருட்டாக்கி வாளியின் ஒரு ஓரத்தில் மட்டும் விளக்கைக் காட்டுங்கள். டிக்ரியோபஸும், பல இனங்களின் நாப்ளியஸ்களும் ஒளியை நோக்கி வந்து குவியும். ஆம்பிபாடுகள் அடியில் நிழலுக்குப் போகும். குப்பை தானாகப் படியும். ஒளிப்பக்கத்து நீரை மட்டும் குழாய் வைத்து இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கும்போது அவசரம் கூடாது. கோபிபாடின் உணர்கொம்பில் உள்ள மெல்லிய மயிர்கள் நீரின் மிகச் சிறு இழுப்பையும் உணர்ந்துவிடும். உணர்ந்த சில மில்லிநொடிகளில் அது பாய்ந்துவிடும். சில இனங்கள் நொடிக்குத் தம் உடல் நீளத்தைப்போல 500 மடங்கு வேகத்தில். இந்த உயிரைக் கடற்குதிரை எப்படிப் பிடிக்கிறது என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. கடற்குதிரைக்கு வேகமாக நீந்தத் தெரியாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. குள்ளக் கடற்குதிரையின் தலை வடிவம், அது மெல்ல நெருங்கும்போது மூக்கு நுனிக்கு முன்னால் உள்ள நீரை ஏறக்குறைய அசைக்காமல் வைத்திருக்கிறது. இரைக்கு ஆபத்து வருவதே தெரியாது. தொட்டிக்காரருக்கும் அதே பாடம்தான். சிறிய உறிஞ்சுகுழலால் வெடுக்கென்று இழுத்தால் கோபிபாடு விலகிப் பாயும், அல்லது பரப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். அகன்ற வாயுள்ள குழாயைத் தாழ்வான பாத்திரத்துக்கு இறக்கி, நீர் தன் எடையால் மெல்ல வழியும்படி விட்டால் கூட்டம் கூட்டமாக வந்து சேரும்.

வழியும் நீரைச் சல்லடையில் பிடிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடை பெரிய ஆம்பிபாடையும் குப்பையையும் நிறுத்தும். அடுத்ததாக 100 மைக்ரான் சல்லடை வளர்ந்த கோபிபாடுகளைப் பிடிக்கும். நாப்ளியஸும் வேண்டுமென்றால் 50 மைக்ரான் துணி தேவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சல்லடையை எப்போதும் ஒரு கிண்ணத்து நீரில் பாதி மூழ்கியே வைத்திருங்கள். வெளியே தூக்கினால் உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கும். ஓட்டுக்குள் காற்றுக்குமிழி சிக்கினால் மீண்டும் நீரில் விட்டாலும் அமிழ முடியாமல் மேலேயே மிதந்து சாகும்.

கிண்ணத்தில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றி ஒருமுறை பூதக்கண்ணாடியால் பார்ப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஐசோபாடுகள் என்ற ஓட்டுயிர்களில் சிரோலானிட் என்றொரு குடும்பம் உண்டு. பெரிய கண்கள், தட்டையான உடல், நீரில் விரைந்து நீந்தும் இயல்பு. இரவில் மீனின் உடம்பைக் கடித்துப் பற்றி இரத்தம் உறிஞ்சும். ஒன்றிரண்டு உள்ளே போய்விட்டாலும் பாறையைக் கலைக்காமல் வெளியே எடுக்க முடியாது. இரண்டு நிமிடப் பார்வை அதைத் தடுத்துவிடும்.

அடுத்தது பயணம். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு என்றாலும் பயணம் பயணம்தான். இங்கே கொல்வது மூன்று: மூச்சு, வெப்பம், உப்பு.

25 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். நன்னீரைவிட இது குறைவு. வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும்; உயிர்களின் மூச்சுத் தேவையோ கூடும். ஆகவே புட்டியைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். பாதி நீர், பாதி காற்று. கூட்டமாகப் பிடித்ததையெல்லாம் ஒரே புட்டியில் அடைக்காமல் நாலைந்தாகப் பிரியுங்கள். கலனாய்டுகளில் பலவும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வைத்தாலே வளர்ப்பில் நலிந்துவிடும். ஹார்பாக்டிகாய்டுகள் அதைப்போலப் பல மடங்கு நெருக்கத்தைத் தாங்கும். வழியில் தின்னட்டும் என்று பச்சைப் பாசிநீரைக் கொட்டுவது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. இருட்டில் பாசியும் ஆக்சிஜனைத்தான் செலவழிக்கும். பகல் வெயிலில் எடுத்துப் போவதாக இருந்தால் தெர்மோகோல் பெட்டி வேண்டும். இருட்டிய பிறகு போவது அதைவிட நல்லது.

உப்பின் கதை கொஞ்சம் ஆழமானது. கடல்நீரின் சராசரி உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. வீட்டுத் தொட்டிகள் இதைச் சுற்றி மேலும் கீழுமாக இருக்கும். செலவு மிச்சமாகட்டும் என்று சிலர் 30க்குக் கீழேயும் வைத்திருப்பார்கள். வெளி நீரில் உப்பு திடீரென்று மாறினால், செல்லுக்குள் நீர் பாயும் அல்லது செல்லிலிருந்து நீர் வெளியேறும். டிக்ரியோபஸ் போன்ற உயிர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. உப்பு கூடும்போது புரோலின், அலனின், கிளைசின் என்ற அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் குவித்து வெளியழுத்தத்துக்கு ஈடு செய்கின்றன. குறையும்போது அவற்றைக் கழித்துவிடுகின்றன. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கிறது. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, புதுத் தொட்டியின் நீரைச் சொட்டுச் சொட்டாகப் புட்டிக்குள் விட்டு, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ காத்திருக்கச் சொல்வது வெறும் சடங்கல்ல. அந்த அமிலங்கள் சேர நாம் கொடுக்கும் அவகாசம் அது. ஆனால் மணிக்கணக்கில் மூடியிருந்த புட்டியென்றால் வேறொன்றையும் கவனியுங்கள். உள்ளே அம்மோனியா சேர்ந்திருக்கும். மூடியைத் திறந்து கரியமிலவாயு வெளியேறியதும் நீரின் காரத்தன்மை ஏறி, அதுவரை அதிகம் தீங்கு செய்யாத வடிவில் இருந்த அம்மோனியா நச்சாக மாறும். அப்போது பழைய நீரைச் சல்லடை வழியே கழித்துவிட்டு, அதே உப்பளவில் கலக்கிய புதுக் கடல்நீரில் உயிர்களை மாற்றிக்கொண்டு பிறகு சொட்டு நீரைத் தொடங்குவதுதான் சரி.

இனி, விடுவது. பலரும் தோற்பது இந்த இடத்தில். பகல் வெளிச்சத்தில், நீரேற்றி ஓடும்போது, பசித்த மீன்களின் கண்ணெதிரே புட்டியைக் கவிழ்த்தால் அது ஒருவேளைத் தீனி. பாதி மீன் வாயிலும் மீதி வடிகட்டியிலும் போகும். விளக்கையும் நீரேற்றியையும் நிறுத்தி, இரவில், குழாயின் முனையைப் பாறையின் அடிப்பக்கத்தில் வைத்து மெல்ல இறக்குங்கள். பாதியை மீன் இல்லாத தனி அறையில் விடுங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று: உயிர்களை மட்டும் பிரித்துக் கொண்டுவராதீர்கள். அவை குடியிருந்த பாசியில் ஒரு கொத்து, அவை ஊர்ந்த உடைகல்லில் ஒரு பிடி சேர்த்துக் கொண்டுவாருங்கள். நாற்றை வேர்மண்ணோடு பெயர்த்து நடுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் கல்லின்மேல் படிந்த பாக்டீரியாப் படலமும் நுண்பாசியும்தான் கோபிபாடின் சோறு. புதிதாகக் கழுவி வைத்த பளபளப்பான தொட்டியில் ஆயிரம் கோபிபாடுகளை விட்டாலும் அவை தின்ன ஒன்றுமில்லாமல் தேயும்.

அதன்பின் வேண்டியது பொறுமை. சாதாரண அறைவெப்பத்தில் இந்த ஹார்பாக்டிகாய்டுகளின் ஒரு தலைமுறை இரண்டு மூன்று வாரங்களில் முடிகிறது. ஐசோகிரைசிஸ், டெட்ராசெல்மிஸ் போன்ற நுண்பாசிகளைச் சிறிதளவில் ஊற்றிவந்தால் பெருக்கம் கூடும். சில தலைமுறைகள் கடந்து, இரவு விளக்கில் கண்ணாடியெங்கும் புள்ளிகள் ஓடும்போதுதான் மாண்டரினைப் பற்றி யோசிக்க வேண்டும். 300 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில், அதே இரைக்குப் போட்டியிடும் மீன்கள் இருக்கும் இடத்தில், மாண்டரின் வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கிடைக்குமிடத்தில் பண்ணையில் பிறந்த மாண்டரினை வாங்குவது மேல். அவற்றில் பல உறைந்த தீனியையும் ஏற்கப் பழகியிருக்கும்.

தொட்டியிலிருந்து தொட்டிக்குப் போவது நாம் விரும்பும் உயிர் மட்டுமல்ல. கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீனின் உடம்பில் வெண்புள்ளியாகத் தோன்றி, பிறகு கீழே விழுந்து, கல்லிலும் பாசியிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு. வளரும் கோபிபாடுகளின் அளவும் ஏறக்குறைய அதுவே. எந்தச் சல்லடையாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. காலத்தால் பிரிக்கலாம். ஒட்டுண்ணிக்கு மீன் வேண்டும், கோபிபாடுக்கு வேண்டாம். கொண்டுவந்ததை மீனே இல்லாத ஒரு சிறு தொட்டியில் தனியே வைத்தால், கூட்டிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் ஓரிரு நாளில் சாகும். எல்லாக் கூடுகளும் திறந்து முடிய, தொட்டிக்காரர்கள் 76 நாட்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் கோபிபாடுகள் மூன்று முதல் ஐந்து தலைமுறை பெருகியிருக்கும். காத்திருப்பதால் நமக்கு ஆதாயமே.

மருந்துகளையும் சொல்ல வேண்டும். அந்த வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து கைகண்டது. ஆனால் மீன் தாங்கும் அளவுத் தாமிரத்தை இந்த ஓட்டுயிர்கள் தாங்கா. தாமிரம் சுண்ணாம்புப் பாறையில் ஒட்டிக்கொண்டு பின்னால் மெல்ல வெளிவரவும் செய்யும். ஒருகாலத்தில் தாமிரம் ஊற்றிய தொட்டியின் பாறையை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதேபோல் அக்ரோபோரா பவளத்தில் ஒட்டி வாழும் செம்பூச்சியை அழிக்க, நாயின் இதயப்புழுவுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் மாத்திரையைச் சிலர் கரைப்பார்கள். அந்தச் செம்பூச்சியே ஒரு கோபிபாடு. அதைக் கொல்லும் மருந்து மற்றக் கோபிபாடுகளையும் இறால்களையும் சேர்த்தே கொல்லும்.

டிக்ரியோபஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். அலாஸ்காவிலிருந்து மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை, அலை தெறித்து நிரம்பும் பாறைக்குழிகளில் வாழ்கிறது டிக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ். உணவிலுள்ள நிறமிகளிலிருந்து உடலில் உருவாகும் அஸ்டாசாந்தினால் செம்மஞ்சளாக ஒளிரும். மழையில் அந்தக் குழி ஏறக்குறைய நன்னீராக நீர்க்கும்; வெயிலில் கடல்நீரின் இருமடங்கு உப்பேறும். இரண்டையும் அது தாங்கும். சான் டியாகோவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ரொனால்ட் பர்ட்டன் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்தவர். ஒரே பாறைத்திட்டின் குழிகளுக்குள் இவை கலந்துகொள்கின்றன. சிறிது தள்ளியிருக்கும் அடுத்த திட்டின் கூட்டமோ மரபணுவில் வேறுபட்டு நிற்கிறது. தொலைவிலுள்ள இரண்டு கடற்கரைக் கூட்டங்களை ஆய்வகத்தில் இணைத்தால் முதல் தலைமுறை நன்றாகவே இருக்கிறது. இரண்டாம் தலைமுறையில் வளர்ச்சியும் வாழ்திறனும் சரிகின்றன. தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியாவும் இருவழியும் கலந்த உட்கரு மரபணுக்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல், செல்லின் ஆற்றல் உற்பத்தி குன்றுவதே காரணம் என்று அந்த ஆய்வுகள் காட்டின. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு கூட்டங்களைக் கலந்துவிடுவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு நெடுங்கால ஒப்பந்தத்தைக் கலைப்பது. தொட்டிக்குள் நடந்தால் நஷ்டம் நமக்கு. கடலில் நடந்தால்?

வெளியிலிருந்து வந்த உயிர்கள் கடலில் கலந்ததற்குச் சான்றுகள் உண்டு. 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே காலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற தொட்டிப் பாசி ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலின் அடித்தரையில் பல நாடுகளுக்குப் பரவியது. அதே பாசி 2000இல் கலிஃபோர்னியாவின் காயல் ஒன்றில் தென்பட்டபோது, உடனே தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி அழிக்கத் தொடங்கினார்கள். முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்க 2006 ஆயிற்று. 70 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. நம் மன்னார் வளைகுடாவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்களை மூடி வளர்வதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கப்பல்களின் சமநிலை நீரில் ஏறி ஆசியக் கோபிபாடுகள் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேறியிருக்கின்றன. அந்த நீரைக் கட்டுப்படுத்தும் உலக உடன்பாடு 2004இல் உருவாகி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

எனவே இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சல்லடையைக் கையில் எடுப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். தேவையான உயிர்களை இன்னொருவர் தொட்டியிலிருந்தோ வளர்ப்பவரிடமிருந்தோ பெறுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளங்களும் கடற்குதிரைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அங்கிருந்து ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காதீர்கள். வேலை முடிந்ததும் வாளியில் மிஞ்சிய நீரைக் கடலிலோ கழிமுகத்திலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். அதில் பிளீச்சிங் பவுடரைக் கலந்து ஒருநாள் வைத்திருந்து, பிறகு கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். மிஞ்சிய பாசியை வெயிலில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சல்லடையையும் குழாயையும் நன்னீரில் கழுவி முழுக்க உலர்த்தாமல் அடுத்த தொட்டிக்குள் விடாதீர்கள்.